அப்டேட் நோட்டீஸ் எல்லாம் ஒரே ஆள்கிட்ட வரணும்

எங்க குடும்பத்துல இப்ப ஓடிக்கிட்டு இருக்குறது மொத்தம் அஞ்சு கம்ப்யூட்டர். மதுரை கீழமாசி வீதியில அப்பாவோட பலசரக்குக் கடையில பில் போடுற டெஸ்க்டாப், வில்லாபுரம் வீட்ல அம்மாவோட பழைய லேப்டாப், என் வேலைக்கு நான் வச்சிருக்குற டெஸ்க்டாப், திருமங்கலத்துல டீச்சரா இருக்குற அக்காவோட லேப்டாப், அப்புறம் காலேஜ்ல படிக்கிற அக்கா மகனோட லேப்டாப். அக்கா வீட்ல ரெண்டுலயும் விண்டோஸ் 11, கடையில விண்டோஸ் 10, அம்மாவோடதுல லினக்ஸ் மின்ட், என்னோடதுல உபுண்டு, இந்த ரெண்டும் விண்டோஸுக்குப் பதிலா போடுற லினக்ஸ் வகை. அஞ்சும் தனித்தனியா நோட்டீஸ் போடும், விண்டோஸ் ஒரு பக்கம் கேக்கும், குரோம் ஒரு பக்கம் கேக்கும், பிரிண்டர் சாஃப்ட்வேர் கேக்கும், பிடிஎஃப் ரீடர் கேக்கும், லேப்டாப்போட கம்பெனிக்காரன் போட்டுக் குடுத்த ஆப், கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போது முதல்ல ஓடுற பயாஸுக்கு அப்டேட் இருக்குன்னு கேக்கும். கம்ப்யூட்டர் தெரிஞ்ச ஆளு ஒருத்தர் இருக்குற எல்லா குடும்பத்துலயும் இந்தச் சோலி அந்த ஆள் தலையிலதான் வந்து விழும், அதனால நான் எப்படி பாத்துக்கிறேன்னு எழுதி வச்சா யாருக்காவது ஆகும்.

எனக்குப் பட்டது என்னன்னா, நோட்டீஸ் போய்ச் சேர்ற ஆளே தப்பு. சாயங்காலம் ஏழு மணிக்கு கடையில அப்பா பில் போட்டுக்கிட்டு இருப்பாரு, எதிர்ல துவரம்பருப்பு மூட்டைக்கு ஒருத்தர், மிளகா வத்தலுக்கு ஒருத்தர்னு நிப்பாங்க, லோடுமேன் அண்ணன் வேற சீட்டு வாங்க கையை நீட்டிக்கிட்டு இருப்பாரு, அந்த நேரத்துல ஸ்கிரீன் மூலையில ஒரு பெட்டி வந்து இப்ப ரீஸ்டார்ட் பண்ணவா அப்புறம் பண்ணவான்னு கேட்டா அவரு என்னங்க பண்ணுவாரு, எதை அமுக்குனா அந்தப் பெட்டி சீக்கிரமா போகுமோ அதை அமுக்குவாரு. போட எவ்வளவு நேரம் ஆகும், போடலேன்னா என்ன ஆகும், போட்டதுக்கு அப்புறம் பில்லிங் சாஃப்ட்வேர் ஒழுங்கா தொறக்குமா, பிரிண்டர் அடிக்குமா, இது எதுவுமே அந்தப் பெட்டியில இருக்காது. முடிவெடுக்கத் தேவையான விவரத்தைக் குடுக்காம முடிவை மட்டும் அவர்கிட்ட கேக்குறது நியாயமே இல்ல. அக்காவுக்கும் அதே நிலமைதான், கொஸ்டின் பேப்பர் டைப் பண்ணிக்கிட்டு இருக்கும்போதோ பள்ளிக்கல்வித் துறையோட எமிஸ் சைட்ல பசங்க விவரம் ஏத்திக்கிட்டு இருக்கும்போதோதான் கேக்கும்.

அதனால நான் வச்ச ஏற்பாடு, அப்டேட் சம்பந்தமான எந்தக் கேள்வியும் அவங்க கண்ணுக்கு வரக்கூடாது, எல்லாம் என் பொறுப்பு. வீட்ல கரண்ட் பில் மெசேஜ் யாரு போனுக்கு வந்தாலும் கட்டுற ஆளு ஒருத்தர்தான்ல, அப்படித்தான். இதுக்காக அப்டேட்டையே நிப்பாட்டுறது கூடாது, அதை முதல்லயே சொல்லிடுறேன், ஏன்னா நெறைய பேரு, சர்வீஸ் பண்ற கடைக்காரங்ககூட, விண்டோஸ்ல சர்வீசஸ்ங்குற பக்கத்துக்குப் போயி விண்டோஸ் அப்டேட்ட டிசேபிள் பண்ணிட்டு கஸ்டமருக்கு நல்லது பண்ணிட்டோம்னு அனுப்பிடுறாங்க. நோட்டீஸ் வராது, நெசந்தான், கூடவே பாதுகாப்பும் வராது.

கடை கம்ப்யூட்டர்ல செஞ்சது இதுதான். விண்டோஸ் அப்டேட்டுல பாஸ் (Pause)னு, அப்டேட்ட கொஞ்ச நாளைக்கு நிறுத்தி வைக்கிற ஒரு வசதி இருக்கு, அதிகபட்சம் 35 நாள் தள்ளி வைக்கலாம், அதுக்கு மேல வேணும்னா பாக்கி இருக்குற அப்டேட்ட போட்டாத்தான் மறுபடி பாஸ் பண்ண விடும். இது எனக்கு ரொம்பத் தோதா இருக்கு. மாசத்துல ஒரு ஞாயித்துக்கிழமை மத்தியானம் கடை அடைச்சதும் போவேன், பேக்கப் எடுப்பேன், பாஸ எடுத்துவிடுவேன், இறக்கிப் போட்டு ரீஸ்டார்ட் பண்ணி, ஒரு டம்மி பில் போட்டு பிரிண்ட் வருதான்னு பாத்துட்டு திரும்ப பாஸ் போட்டுட்டு வந்துருவேன். நடுவுல அப்பாவுக்கு ஒரு தொந்தரவும் கிடையாது. பாஸ்ல இருந்தாலும் விண்டோஸோட சொந்த வைரஸ் தடுப்பான டிஃபெண்டருக்கு வேண்டிய வைரஸ் அடையாளப் பட்டியல் மட்டும் தன்னால வந்துக்கிட்டுத்தான் இருக்கும், அதனால அந்த ஒரு மாசமும் கம்ப்யூட்டர் அநாதையா கெடக்குதுன்னு நெனைக்க வேண்டாம்.

எந்த ஞாயித்துக்கிழமைங்குறதுலயும் ஒரு கணக்கு இருக்கு. 2003 அக்டோபர்ல இருந்து மைக்ரோசாஃப்ட் மாசாமாசம் ரெண்டாவது செவ்வாய்க்கிழமை செக்யூரிட்டி அப்டேட்ட வெளியிடுறாங்க. அவங்க ஊரு காலையில பத்து மணி, நம்ம கணக்குக்கு ராத்திரி பத்தரை, அங்க குளிர்காலம்னா பதினொன்றரை. அதாவது நம்ம ஊர்ல புதன்கிழமை காலையில கடை தொறந்து கம்ப்யூட்டர ஆன் பண்ணும்போது வந்து நிக்கும், வியாபாரம் சூடா இருக்குற நேரத்துல. அந்த புதனை விட்டுட்டு அதுக்கடுத்து வர்ற ஞாயித்துக்கிழமையில, இல்லேன்னா அதுக்கு அடுத்த ஞாயித்துக்கிழமையில நான் போடுவேன். நாலஞ்சு நாள் விட்டா, போட்டவங்களுக்கு ஏதாவது கோளாறு வந்திருந்தா அதுக்குள்ள ஊரு பூரா தெரிஞ்சுரும்.

எத்தனை நாள் தள்ளலாம்னு கேட்டா எனக்கு ரெண்டு சம்பவம்தான் அளவுகோல். 2017 மே 12ஆம் தேதி வன்னாக்ரைன்னு ஒண்ணு உலகத்தையே உலுக்குச்சு, பைல எல்லாம் பூட்டு போட்டு வச்சுக்கிட்டு பணம் கேட்டுச்சு, 150 நாட்டுக்கு மேல அடி, இங்கிலாந்துல அரசாங்க ஆஸ்பத்திரிகள்ல ஆபரேஷன தள்ளி வச்சாங்க, ஆம்புலன்ஸ வேற ஆஸ்பத்திரிக்கு திருப்பி விட்டாங்க. அது நுழைஞ்ச ஓட்டையை அடைக்கிற அப்டேட் அந்த வருசம் மார்ச் 14ஆம் தேதியே வந்திருச்சு. கிட்டத்தட்ட ரெண்டு மாசம் அது சும்மா கெடந்துச்சு, போட்டவங்க தப்பிச்சாங்க, போடாதவங்க மாட்டுனாங்க. இன்னொரு பக்கம் 2024 ஜூலை 19ஆம் தேதி கிரவுட்ஸ்ட்ரைக்னு கம்பெனிகள் போடுற பாதுகாப்பு சாஃப்ட்வேர்ல ஒரு அப்டேட் தப்பா வந்து 85 லட்சம் விண்டோஸ் மெஷின் நீல ஸ்கிரீன்ல நின்னுருச்சு, நம்ம நாட்டு ஏர்போர்ட்லயே கையில எழுதி போர்டிங் பாஸ் குடுத்தாங்க. அது விண்டோஸ் அப்டேட் கிடையாது, வீட்டு கம்ப்யூட்டர்ல அந்த சாஃப்ட்வேரும் இருக்காது, ஆனா எல்லா மெஷின்லயும் ஒரே நேரத்துல ஒரு அப்டேட்ட போட்டா என்ன ஆகும்ங்குறதுக்கு அதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியல. அதனால நான் முதல்ல மருமகன் லேப்டாப்ல போட விடுவேன், அவன் கிளாஸ் நோட்ஸ் எல்லாம் கிளவுட்ல இருக்கு, ஒரு நாள் ஓடலேன்னாலும் நஷ்டம் கம்மி. அது நல்லா ஓடுச்சுன்னா அடுத்து அக்காவோடது, கடைசியாத்தான் கடை. நாள்கணக்குல தள்ளலாம், மாசக்கணக்குல தள்ளக்கூடாது.

சித்திரைத் திருவிழா சமயத்துல மட்டும் கடை கம்ப்யூட்டர தொடவே மாட்டேன். தேரோட்டம் நாலு மாசி வீதியிலயும் சுத்தி வரும், வண்டி உள்ள வராது, ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா மெஷின தூக்கிக்கிட்டுப் போகவும் முடியாது, சர்வீஸ் ஆள வரச் சொல்லவும் முடியாது. தீபாவளிக்கு முந்தின ரெண்டு வாரமும் அப்படித்தான். அதுக்கு முன்னாடியே முடிச்சு வச்சிருவேன்.

அக்கா வீட்டு கதை வேற. அங்க மாசாமாசம் நேர்ல போயி உக்கார முடியாது. அவ லேப்டாப்ல ஆக்டிவ் அவர்ஸ்னு இருக்குறத கையால மாத்தி வச்சேன், காலையில ஆறுல இருந்து ராத்திரி பன்னெண்டு வரைக்கும், 18 மணி நேரம் வரைக்கும் வைக்க விடும், அந்த நேரத்துல தன்னால ரீஸ்டார்ட் ஆகாது. ஸ்கூல்ல போன் ஹாட்ஸ்பாட்லதான் ஓட்டுவா, அந்த கனெக்‌ஷன மட்டும் மீட்டர்டுன்னு, அதாவது அளவுள்ள டேட்டான்னு, குறிச்சு விட்டேன், இப்ப பெரிய அப்டேட் எதையும் அதுல இறக்குறதில்ல, அவ டேட்டாவும் காலியாகுறதில்ல. வீட்டு வைஃபைக்கு வந்ததும் இறங்கிக்கிறும். ஒரே வீட்ல ரெண்டு விண்டோஸ் மெஷின் இருக்குறவங்க டெலிவரி ஆப்டிமைசேஷன்ல லோக்கல் நெட்வொர்க்னு இருக்குறத மட்டும் ஆன் பண்ணி வைங்க, ஒண்ணு இறக்குனத இன்னொண்ணு அதுகிட்ட இருந்தே வாங்கிக்கும். நான் ஏதாவது பாக்கணும்னா, தூரத்துல இருந்தே அவ ஸ்கிரீன பாக்க விடுற குவிக் அசிஸ்ட்ல போவேன், விண்டோஸ்லயே இருக்கு, கண்ட்ரோலும் விண்டோஸ் பட்டனும் க்யூவும் சேத்து அமுக்குனா வரும். ஆனா அதுல போடுற செக்யூரிட்டி கோட (code) நான் என் வாயால போன்ல சொன்னாத்தான் போடணும்னு கண்டிஷனா சொல்லி வச்சிருக்கேன், ஏமாத்துற பயலுகளும் இதே வழியிலதான் உள்ள வர்றானுங்க.

மத்த சாஃப்ட்வேருக்கு விண்டோஸ்ல விங்கெட் (winget)னு ஒரு கமாண்ட் இருக்கு, நெறைய பேருக்குத் தெரியாது. கமாண்ட் அடிக்கிற டெர்மினல்ல winget upgradeனு அடிச்சா எதெல்லாம் பழசா இருக்கோ அத வரிசையா காட்டும், கூட --all சேத்து அடிச்சா எல்லாத்தையும் புதுசாக்கிறும். தொடக்கூடாத சாஃப்ட்வேர பின் (pin) பண்ணியும் வைக்கலாம். இது இருக்குறதால ஒவ்வொரு சாஃப்ட்வேரும் தனக்குன்னு வச்சிருக்குற அப்டேட்டர ஸ்டார்ட்டப்ல இருந்து எடுத்துட்டேன். அதுக்கும் முன்னாடி செஞ்சது, வேணாத சாஃப்ட்வேர எல்லாம் தூக்குனது. அக்கா லேப்டாப்ல பிடிஎஃப் பாக்குறதுக்குன்னே மூணு சாஃப்ட்வேர் இருந்துச்சு, பிரவுசரே பிடிஎஃப தொறக்கும், மூணுமே போச்சு. நோட்டீஸ கொறைக்க இதைவிட சுருக்கு வழி கிடையாது.

பிரவுசருக்கு மட்டும் நான் காத்திருக்குறதே இல்ல. பேங்க், மெயில், ஜிபே கணக்கு, எமிஸ் எல்லாம் அது வழியாத்தான் போகுது. குரோமும் பயர்பாக்ஸும் சில வாரத்துக்கு ஒருக்கா பெரிய வெர்ஷன் விடுறாங்க, நடுவுல அவசர அப்டேட்டும் வரும். இறக்குறது தன்னால நடக்கும், மூடித் தொறந்தாத்தான் வேலை செய்யும், நம்ம ஆளுங்க வாரக்கணக்குல மூடவே மாட்டாங்க, லேப்டாப் மூடியத்தான் சாத்துவாங்க. குரோம்ல மேல வலது பக்கம் கலர் மாறும், பச்சைன்னா வந்து ரெண்டு நாளுக்குள்ள, ஆரஞ்சுன்னா நாலு நாளு கிட்ட, செவப்புன்னா ஒரு வாரம் ஆயிருச்சு. எங்க வீட்ல எல்லாருக்கும் நான் சொல்லிக் குடுத்த ஒரே அப்டேட் பாடம், ராத்திரி படுக்கப் போறப்ப பிரவுசர மூடிட்டுப் படுங்கங்குறதுதான்.

இந்த ஏற்பாட்டுல எனக்கு ரொம்பப் பெருசா தெரியுற லாபம் வேற ஒண்ணு. நெச நோட்டீஸ் எதுவும் வீட்டு ஆளுங்க கண்ணுக்கு வர்றதில்லேன்னு ஆனதுக்கப்புறம், எந்த நோட்டீஸ் வந்தாலும் அது சந்தேகத்துக்கு உரியதுன்னு ஒரே வரியில சொல்லிட முடியுது. முன்னாடி இது முடியாது, அம்மாகிட்ட நல்ல நோட்டீஸ் எது கெட்ட நோட்டீஸ் எதுன்னு எப்படி விளக்குறது, ரெண்டும் ஒரே மாதிரி பெட்டியில, ஒரே மாதிரி இங்கிலீஷ்ல வருது. அம்மா ராசிபலன் பாக்குற சைட் ஒண்ணுல மேல அலவ், பிளாக்னு கேட்டிருக்கு, அலவ்னு குடுத்திருக்காங்க, அன்னையில இருந்து மூலையில வரிசையா வர ஆரம்பிச்சுருச்சு, உங்க கம்ப்யூட்டர்ல வைரஸ் அஞ்சு இருக்கு, உடனே அப்டேட் பண்ணுங்கன்னு செவப்பு கலர்ல, பெரிய கம்பெனி லோகோ மாதிரியே ஒரு படத்தோட. அம்மா அதை போட்டோ எடுத்து வாட்ஸ்ஆப்ல போட்டுட்டு கூப்புட்டாங்க. "ஏய்யா, இது நெசமா பொய்யா, அமுக்கவா வேணாமா, என்னமோ ரெண்டு நிமிசந்தான் இருக்குனு ஓடுது." "அமுக்காதீங்கம்மா, மூடியச் சாத்திட்டு டீயக் குடிங்க, ராத்திரி வந்து பாக்குறேன்." அம்புட்டுத்தான். அவங்க மெஷின் லினக்ஸ் மின்ட், வந்த நோட்டீஸோ விண்டோஸ்ல வைரஸ்னு சொல்லுது, ஆனா அந்த வித்தியாசம் அம்மாவுக்குத் தெரியணும்னு எதிர்பாக்கவே கூடாது.

இதுக்கு வைத்தியம் சுலபம். பிரவுசர் செட்டிங்ஸ்ல சைட் செட்டிங்ஸ், அதுக்குள்ள நோட்டிபிகேஷன்ஸ், அங்க அலவ் பண்ண சைட்டெல்லாம் வரிசையா இருக்கும், தெரியாத எல்லாத்தையும் எடுத்துட்டு, இனிமே எந்த சைட்டும் கேக்கவே கூடாதுன்னும் வச்சிரலாம். எல்லார் மெஷின்லயும் நான் இதை வச்சுட்டேன். முழு ஸ்கிரீன அடைச்சுக்கிட்டு சத்தம் போட்டு, இந்த நம்பருக்கு கூப்பிடுங்கன்னு வந்தா அது கண்டிப்பா பொய், மைக்ரோசாஃப்டே சொல்லியிருக்காங்க, அவங்க எரர் மெசேஜ் எதுலயும் போன் நம்பர் இருக்காதுன்னு. உங்க குரோம் பழசாயிருச்சு இங்க அமுக்குங்கன்னு ஒரு வெப்சைட்டுக்குள்ள வந்தா அதுவும் பொய், குரோம் ஒரு நாளும் வெப்சைட் பக்கத்துக்குள்ள வந்து அப்டேட் குடுக்காது. யாராவது பேசி பணம் போயிருச்சுன்னா வெக்கப்பட்டுக்கிட்டு இருக்காம உடனே 1930க்கு கூப்பிடணும், சைபர் கிரைம் ஹெல்ப்லைன், எவ்வளவு சீக்கிரம் சொல்றோமோ அவ்வளவு நல்லது. இந்த நம்பர கடையில கல்லாப்பெட்டி மூடிக்கு உள்பக்கம் எழுதி ஒட்டி வச்சிருக்கேன்.

லினக்ஸ் ரெண்டும் அவ்வளவா வேலை வைக்கிறதில்ல. உபுண்டுல செக்யூரிட்டி அப்டேட் தன்னால தினமும் போட்டுக்கிறும், நான் ரீஸ்டார்ட் கேக்குதான்னு மட்டும் பாப்பேன். பயர்பாக்ஸ ஸ்னாப்ங்குற உபுண்டு பேக்கேஜா போட்டிருந்தா இத்தன நாளுக்குள்ள மூடுங்கன்னு ஒரு நோட்டீஸ் வரும், மூடித் தொறந்தா போதும். அம்மாவோட மின்ட்ல அப்டேட் மேனேஜர் கேடயம் மாதிரி ஒரு ஐகான வச்சிருக்கும், செட்டிங்ஸ்ல தானியங்கி அப்டேட்ட ஆன் பண்ணி ஐகான மறைச்சுட்டேன், டைம்ஷிஃப்ட்ங்குற சாஃப்ட்வேர் சிஸ்டத்தோட நகலையும் வாரத்துக்கு ஒண்ணு எடுக்கும், ஏதாவது கெட்டா போன வாரத்துக்கு திருப்பிரலாம்.

பயாஸ் அப்டேட்டுக்கு மட்டும் நான் தனியா பயப்படுவேன். நடுவுல கரண்ட் போச்சுன்னா போர்டே போயிரலாம். கடை டெஸ்க்டாப்புக்கு யூபிஎஸ் பேட்டரி நல்லா இருந்தாத்தான் தொடுவேன், அதுவும் மாதாந்திர பராமரிப்புன்னு மின்வாரியம் பேப்பர்ல போட்ட நாளா இல்லையான்னு பாத்துட்டு. லேப்டாப்னா பேட்டரியும் முழுசா இருக்கணும், சார்ஜரும் சொருகியிருக்கணும். பிரிண்டருக்குள்ளயே ஓடுற சாஃப்ட்வேரான பர்ம்வேரோட அப்டேட்ட நான் போடவே விடுறதில்ல, சில பிரிண்டர்ல அதப் போட்டதும் வேற கம்பெனி சிப் வச்ச கார்ட்ரிட்ஜ எடுக்காது, அக்கா வருசம் பூரா அடிக்கிற கொஸ்டின் பேப்பருக்கு ஒரிஜினல் கார்ட்ரிட்ஜ் வாங்கிக் கட்டுபடியாகாது.

எல்லாத்தையும் ஒரு அக்கவுண்ட் நோட்டுல எழுதி வைக்கிறேன். ஒரு மெஷினுக்கு ஒரு பக்கம், தேதி, என்ன போட்டேன், போட்டதுக்கப்புறம் என்ன பாத்தேன், பேக்கப் எந்த டிஸ்க்ல இருக்கு. கடையோட பக்கத்துல பில் பிரிண்டர ஓட்டுற சாஃப்ட்வேரான டிரைவரோட வெர்ஷனையும் எழுதி வச்சிருக்கேன், ஒரு தடவை அப்டேட்டுக்கு அப்புறம் பேப்பர் அளவு மாறி பில் பாதியில வெட்டி வெட்டி வந்துச்சு, பழைய வெர்ஷன் எதுன்னு நோட்டுல இருந்ததால அஞ்சு நிமிசத்துல சரி பண்ண முடிஞ்சுச்சு. இதுக்குன்னு ஆப் எல்லாம் இருக்கு, ஆனா நான் ஊர்ல இல்லாதப்போ மச்சான் வந்து பாக்கணும்னா நோட்டுதான் சரிப்படும்.

இப்ப பாக்கி இருக்குற ஒரு வேலை கடை டெஸ்க்டாப். விண்டோஸ் 10க்கு சப்போர்ட் 2025 அக்டோபர் 14ஓட முடிஞ்சிருச்சு, அந்த மெஷின்ல இருக்குற இன்டெல் சிப் எட்டாவது தலைமுறைக்கு முந்தினது, விண்டோஸ் 11 ஏறாது. கூடுதல் ஒரு வருச செக்யூரிட்டி அப்டேட்டுக்குப் பதிஞ்சு வச்சிருக்கேன், மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட்ல செட்டிங்ஸ சிங்க் பண்ணா காசில்லாமலே குடுக்குறாங்க, அது 2026 அக்டோபர் 13 வரைக்கும். மின்ட் போட்டுரலாம்னா பில்லிங் சாஃப்ட்வேர் விண்டோஸ்ல மட்டும்தான் ஓடும். புது மெஷின் வாங்கியே ஆகணும்னு அப்பாகிட்ட சொல்லிட்டேன், "ஆடியில சரக்கு மந்தமா இருக்கும், அப்ப மாத்திக்கிறுவோம்"னு சொல்லியிருக்காரு. பழைய மெஷினையும் புது மெஷினையும் ஒரு வாரம் பக்கத்துல பக்கத்துல வச்சு ஓட்டிப் பாத்துட்டுத்தான் பழசை எடுக்கணும், பழசுல மின்ட் போட்டு வீட்டுக்கு கொண்டுவந்துரலாம், அம்மா லேப்டாப்போட கீபோர்டுல ரெண்டு மூணு எழுத்து வேற விழ மாட்டேங்குது.